அலைன்மென்ட் ரிப்போர்ட் பச்சை, டயர் மட்டும் மொட்டை: துடியலூர் பக்கம் ஒரு டயர் கடை பத்தி

கோயமுத்தூர்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல துடியலூர் தாண்டி ஒரு டயர் கடை இருக்கு. போர்டுல டயர் கம்பெனி பேர்தான் பெருசா இருக்கும், கடை பேரு கீழ பொடி எழுத்துல, அதுவும் வெயில்ல வெளுத்துப் போச்சு. வாசல்ல எப்பவும் நாலஞ்சு வண்டி நிக்கும், எதிர்ல ஒரு பேக்கரி. அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கற கோணத்த அளந்து சரி பண்ற மெஷின், இந்த ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கு, அப்பறம் இத பத்தி ஏன் இவ்ளோ நீளமா எழுதறேன்னா, டயர் ஏன் ஒரு பக்கமா தேயுதுன்னு காரணம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு இங்க இருக்காரு. அதுக்காக மட்டும்தான் இந்த ரிவ்யூ, மத்தபடி கடையில ஏசி ரூம், காபி மெஷின் அப்படி எதுவும் எதிர்பாத்துப் போகாதீங்க.

என் வண்டி 2014 ஸ்விப்ட் பெட்ரோல், 165/80 ஆர்14 டயர். முன்னாடி ரெண்டு டயர்லயும், அதுலயும் இடப்பக்கம் ரொம்ப, உள் ஓரம் மட்டும் தேஞ்சுகிட்டே வந்துச்சு. வெளிய நின்னு பாத்தா டயர் ஜம்முன்னு இருக்கும், ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிச்சு வெச்சுட்டு குனிஞ்சு உள்பக்கம் பாத்தாத்தான் அந்தக் கொடுமை தெரியும், ரெண்டு விரல் அகலத்துக்கு வழவழன்னு. வழக்கமா போற ஒரு எடத்துல, பேரு வேணாம், 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ அலைன்மென்ட் பண்ணிட்டுதான் இருந்தேன், ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் எடுத்து கையில குடுப்பாங்க, எல்லா கட்டமும் பச்சை, அதாவது எல்லாம் சரின்னு. ஆனா டயர் மட்டும் அதே மாதிரி தேயும். கேட்டா "ரோடு சரியில்ல சார்"ங்கறாங்க, அடுத்த தடவ கேட்டா "டயர் கம்பெனி சரியில்ல சார்"ங்கறாங்க, கடைசியா "கேம்பர் அவுட்டு, பெண்ட் பண்ணணும், 1500 ஆகும்"னாங்க. சக்கரத்தோட சாய்வ வளைச்சு மாத்தற இந்த கேம்பர் பெண்ட் விஷயத்துக்கு பின்னால வரேன், அது தனியா பேச வேண்டிய கூத்து.

ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். போனதும் வண்டிய நேரா மெஷின்ல ஏத்துவாங்கன்னு பாத்தா, ஏத்தவே இல்ல. ஓனர் அண்ணன், அம்பது வயசு இருக்கும், காக்கி சட்டை, ஒரு சாக்பீஸும், டயர் பள்ளத்தோட ஆழம் அளக்க சின்னதா ஒரு டெப்த் கேஜும் எடுத்துட்டு வந்து டயர் முன்னாடி குத்தவெச்சு உக்காந்துட்டாரு. "ஏனுங்க, வண்டி எந்தப் பக்கம் இழுக்குதுங்க? பிரேக் அடிச்சா இழுக்குதா, சும்மா போறப்பவும் இழுக்குதா?" இதுதான் மொத கேள்வி. இத்தன நாள்ல இந்தக் கேள்விய யாரும் என்கிட்ட கேட்டதில்ல. பிரேக் போட்டா லேசா இடப்பக்கம் போகுது, ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா இறங்கும்போது கீழ 'டொக்'குன்னு ஒரு சத்தம் வருதுன்னு சொன்னேன். தலைய மட்டும் ஆட்டினாரு, ஒண்ணும் சொல்லல.

அப்பறம் டயரோட குறுக்க மூணு எடத்துல கேஜ் வெச்சு அளந்து டயர் மேலயே சாக்பீஸ்ல எழுதினாரு. இடது முன் டயர், வெளி ஓரம் 5.5 மில்லிமீட்டர், நடு 5, உள் ஓரம் 2. புது கார் டயர்ல ஏழெட்டு மில்லிமீட்டர் டிரெட், அதாவது பள்ளத்தோட ஆழம், இருக்கும், பள்ளத்துக்குள்ள குறுக்க சின்ன சின்ன மேடு இருக்கு பாருங்க, டயர் சைடுல டிடபிள்யூஐன்னோ ஒரு முக்கோணமோ போட்டு அது எங்க இருக்குன்னு காட்டியிருப்பாங்க, அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம். டிரெட் தேஞ்சு அந்த மேட்டோட சமமா ஆயிட்டா டயர மாத்தியே ஆகணும், அதுக்கு மேல ஓட்டறது மழையில பிரேக்க நம்பாம ஓட்டற மாதிரிதான். என் டயர்ல வெளிய பாதிக்கு மேல உயிர் இருக்கு, உள்ள கிட்டத்தட்ட முடிஞ்சுது. அதாவது முழு டயருக்கு காசு குடுத்துட்டு அரை டயர் ஓட்டியிருக்கேன்.

அதுக்கப்பறம் அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. உள்ளங்கைய டயர் மேல வெச்சு உள்ளயிருந்து வெளிய தடவினாரு, அப்பறம் வெளியயிருந்து உள்ள. "நீங்க தடவிப் பாருங்க." ஒரு பக்கமா தடவினா வழுக்கிட்டுப் போகுது, திருப்பித் தடவினா ரம்பப் பல்லு மாதிரி விரல்ல சுரண்டுது. கண்ணுல பாத்தா ஒண்ணுமே தெரியாது, கைக்கு மட்டும்தான் தெரியும். "கேம்பர்னால தேஞ்சா இப்படி சுரண்டாதுங்க, ஒரு ஓரமா மழமழன்னு சீவின மாதிரி தேயும், கைக்கு எந்தப் பக்கம் தடவினாலும் ஒண்ணுதான். இது டோ." டோன்னா தெரியாதவங்களுக்கு: வண்டிய மேல இருந்து பாத்தா முன் சக்கரம் ரெண்டும் நேரா பாக்கணும், மூக்கு உள்ள திரும்பியிருந்தா டோ இன், வெளிய விரிஞ்சிருந்தா டோ அவுட். கேம்பர்ங்கறது முன்னாடி நின்னு பாக்கும்போது சக்கரத்தோட தலை உள்ள சாஞ்சிருக்கா வெளிய சாஞ்சிருக்காங்கறது. டோ கொஞ்சம் விலகினாலும் டயர் உருண்டுகிட்டே பக்கவாட்டுல தேய்ச்சுகிட்டும் போகும். கணக்கு போட்டுப் பாத்தேன், ஒரு சக்கரம் கால் டிகிரி விலகியிருந்தா ஒரு கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல பக்கவாட்டு இழுவை. அத அப்படியே 5000 கிலோமீட்டருக்கு பெருக்கிப் பாருங்க, 20 கிலோமீட்டருக்கு மேல டயர தார் ரோட்டுல பக்கவாட்டுல தேச்சதுக்கு சமம்.

சரி, டோன்னா அதத்தானே ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட்ல செட் பண்றாங்க, பச்சை வருதுல்லன்னு கேட்டேன். "மெஷின் மேல வண்டி சும்மா நிக்குதுங்க. ரோட்டுல நிக்குதா?"ன்னாரு. அவ்ளோதான் பதில். கடைப் பையன கூப்ட்டு வண்டிக்குள்ள உக்காரச் சொல்லி, நாலடி முன்னாடி எடுத்து பிரேக் அடி, நாலடி ரிவர்ஸ் எடுத்து பிரேக் அடின்னு ரெண்டு மூணு தடவ செய்யச் சொன்னாரு. என்னைய சைடுல குனிஞ்சு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற சந்த பாக்கச் சொன்னாரு. வலப்பக்கம் சக்கரம் அசையல. இடப்பக்கம் பிரேக் அடிச்ச உடனே சக்கரமே லேசா பின்னாடி தள்ளிப் போயிட்டு வருது, கண்ணுக்கு நல்லாவே தெரியுது, கூடவே அந்த 'டொக்'.

லிஃப்ட்ல ஏத்தி, சக்கரத்த கீழ புடிச்சு நிக்கற லோயர் ஆர்ம்ல பின்பக்க ரப்பர் புஷ்ல ஒரு லிவர குடுத்து நெம்பிக் காட்டினாரு. ரப்பர் பிறை மாதிரி வளைஞ்சு கிழிஞ்சு கெடக்கு, நெம்பினா ஆர்ம் தாராளமா முன்ன பின்ன ஆடுது. புஷ் கிழிஞ்சிருந்தா வண்டி நிக்கும்போது எல்லாம் அதது எடத்துல இருக்கும், மெஷின் பச்சை காட்டும். ஓடும்போது, முக்கியமா பிரேக் போடும்போது, சக்கரம் பின்னாடி தள்ளப்பட்டு டோ வெளிய தெறந்துக்கும். சிட்டிக்குள்ள எவ்ளோ பிரேக் அடிக்கறோம், ஒவ்வொரு பிரேக்குக்கும் உள் ஓரம் கொஞ்சம் கொஞ்சமா சீவிட்டுப் போகுது. வருஷக்கணக்கா அலைன்மென்ட் பண்ணாலும் இது நிக்காது, ஏன்னா அலைன்மென்ட் பிரச்சனையே இல்ல இது. கவுண்டம்பாளையம் பக்கம் தோண்டி மூடாம விட்ட குழி அத்தனைக்கும் இந்த புஷ்தான் பதில் சொல்லியிருக்கு.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். அவர் என்கிட்ட ஆர்ம் விக்கல. "ஸ்பேர் நாங்க வெக்கறதில்லீங்க, நீங்க ஜெனியூன் வாங்கிட்டு வாங்க, இல்ல உங்க மெக்கானிக் கிட்டயே மாத்திட்டு வாங்க, அலைன்மென்ட் அதுக்கப்பறம்தான், இன்னிக்கு பண்ணா உங்க காசு வேஸ்ட்"ன்னு அனுப்பிட்டாரு. அன்னிக்கு பாத்ததுக்கு காசும் வாங்கல. புஷ் மட்டும் பிரஸ் பண்ணி மாத்தலாமான்னு கேட்டேன், மாத்தலாம், ஆனா ஆர்ம் முனையில சக்கரத்தோட சேர்ற பால் ஜாயின்ட்டும் பழசுதான், ஆர்ம் முழுசா மாத்தறதுக்கும் அதுக்கும் பெரிய விலை வித்தியாசம் இல்ல, அதுவும் ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடுங்கன்னாரு. ரெண்டு ஆர்ம், லேபர் எல்லாம் சேத்து எனக்கு நாலாயிரத்து சொச்சம் ஆச்சு. ஒரு ஜோடி டயர் விலைய நெனச்சா இது ஒண்ணுமே இல்ல.

மாத்திட்டு வந்ததும்தான் மெஷின் பக்கமே வண்டிய விட்டாரு. 3டி மெஷின், பாண்டிச்சேரி மேனடெக் கம்பெனியோடது, நம்ம பக்கம் நிறைய கடையில இதத்தான் பாக்கலாம். வெளிநாட்டு மெஷின்னு பீத்திக்கற எடத்துக்கெல்லாம் போயிருக்கேன், இங்க மெஷின விட மெஷின் மேல ஏத்தறதுக்கு முன்னாடி செய்யற வேலதான் பெருசு. நாலு டயர்லயும் காத்த ஒரே அளவுக்கு கொண்டு வந்தாங்க, டிரைவர் கதவு தெறந்தா பில்லர்ல ஸ்டிக்கர் இருக்கு பாருங்க, அதப் பாத்து. வீல ஜாக்கில தூக்கி மேல கீழ புடிச்சு ஆட்டினாங்க, அது பேரிங், பால் ஜாயின்ட் பாக்க. அப்பறம் ரெண்டு சைடும் புடிச்சு ஆட்டினாங்க, அது ஸ்டியரிங்க சக்கரத்தோட சேக்கற கம்பியோட முனை, டை ராட் எண்ட், பாக்க. அப்பறம்தான் நாலு வீல்லயும் கிளாம்ப் போட்டு மெஷின் கேமரா பாக்கற டார்கெட் பலகைய மாட்டி, வண்டிய கொஞ்சம் முன்ன பின்ன உருட்டி, ஸ்டியரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி காஸ்டர்ங்கற இன்னொரு கோணத்தையும் எடுத்து, ஸ்டியரிங்க நேரா லாக் போட்டு, பிரேக் பெடலுக்கு ஒரு கம்பி முட்டுக் குடுத்து, கீழ எறங்கி டை ராட் நட்ட லூஸ் பண்ணாங்க.

இதுல உருட்டற ஸ்டெப்ப நிறைய கடையில விட்டுடறாங்க. ரிம்மே லேசா வளைஞ்சிருந்தாலோ கிளாம்ப் கோணலா உக்காந்திருந்தாலோ அந்தத் தப்பு அப்படியே ரீடிங்ல ஏறிடும், உருட்டினாத்தான் மெஷின் அத கழிச்சு கணக்கு போடும். ஸ்டியரிங் லாக் போடாம பண்ணா இன்னொரு கூத்து, டோ மொத்தமா பாத்தா கரெக்டா இருக்கும், ஆனா நேர் ரோட்டுல ஸ்டியரிங் பத்து டிகிரி கோணலா நிக்கும். உங்க வண்டி அலைன்மென்ட் முடிஞ்சு வெளிய வரும்போது ஸ்டியரிங் கோணலா இருந்தா ரிப்போர்ட்ட பாக்கவே வேணாம், திருப்பி உள்ள விடச் சொல்லுங்க.

என் ரீடிங் மொத்த டோ மைனஸ் 0.54 டிகிரி, அதாவது டோ அவுட், இருந்துச்சு, ஆர்ம் மாத்தினதுல இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும். அத சரி பண்ணி ஜீரோவுக்குப் பக்கத்துல கொண்டு வந்தாங்க. பின்னாடி கேம்பர் மைனஸ் ஒரு டிகிரி கிட்ட காட்டுச்சு, என்னடா இது செவப்பா இருக்கேன்னு கேட்டேன். பின்னாடி டார்ஷன் பீம் வண்டி, அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரே இரும்பு பீம் சேக்கும், அதுல அட்ஜஸ்ட் பண்ண போல்ட்டே கெடையாது, ஃபேக்டரிலயே அந்த மாதிரிதான் வெச்சிருப்பாங்க, மெஷின்ல எந்த மாடல் செலக்ட் பண்ணியிருக்கோம்ங்கறதப் பொறுத்து கலர் மாறும்னு சொல்லி, ஸ்கிரீன்ல மாடல் லிஸ்ட தெறந்து காட்டினாரு. பையன் பழைய மாடல் ஸ்விப்ட்ட செலக்ட் பண்ணியிருந்தான். கரெக்ட் பண்ணதும் செவப்பு போயிருச்சு. பச்சையும் செவப்பும் எவ்ளோ லேசான விஷயம்னு அப்பத்தான் புரிஞ்சுது.

இப்ப அந்த கேம்பர் பெண்ட். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த ஒரே தூண், இருக்கற நம்மூர் சின்ன கார் பலதுல கேம்பர் அட்ஜஸ்ட் பண்ண தனியா ஏற்பாடு கெடையாது. அது விலகுதுன்னா ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு, இல்ல ஏதோ ஒண்ணு தேஞ்சிருக்குன்னு அர்த்தம். ஸ்ட்ரட், நக்கிள், ஆர்ம், மேல மவுண்ட், இதுல எது போச்சுன்னு பாத்து மாத்தணும். அத விட்டுட்டு ஹைட்ராலிக் ஜாக்கிய சக்கரத்துல மாட்டி முக்கி வளைச்சு ரீடிங்க பச்சைக்கு கொண்டு வர்றாங்க. நல்லா இருக்கற இரும்ப வளைச்சு, கெட்டுப் போன ரப்பருக்கு ஈடு கட்டற வேல இது. இந்த அண்ணன் கிட்டயும் அந்த ஜாக்கி இருக்கு, மூலையில தூசி படிஞ்சு கெடக்கு, எப்ப யூஸ் பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு "கேட்டு வாங்கிக்கறவங்களுக்குங்க"ன்னு சிரிச்சாரு. அந்த பதில் எனக்கு அவ்ளோ புடிக்கல, கேட்டாலும் பண்ணக் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

நான் உக்காந்திருந்த நேரத்துல வந்த மத்த வண்டிங்களையும் பாத்துட்டு இருந்தேன், அங்க சேர் ரெண்டுதான் இருக்கு, நின்னுகிட்டு வேடிக்கை பாக்கறதுதான் பொழப்பு. ஒரு ஆல்ட்டோ வந்துச்சு, வயசான ஒருத்தர், டயர் ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல மட்டும் பட்டன், அதாவது டிரெட் ரப்பர் கட்டி, நல்லா இருக்கு. அண்ணன் கேஜே எடுக்கல, காத்து மட்டும் பாத்தாரு, 20 பிஎஸ்ஐ கூட இல்ல. காத்து கம்மியா ஓடினா டயர் நடு உள்ள அமுங்கி ரெண்டு ஓரமும் ரோட்ட தாங்கும், அதான் கதை. இதுக்கு நேர் எதிரா, பங்க்ல கேக்காமயே 40 வரைக்கும் அடிச்சு விடுவாங்க பாருங்க, அந்த வண்டிங்களுக்கு நடுப்பக்கம் தேயும். அதுவும் காலையில டயர் ஆறியிருக்கும்போது பாக்கற அளவுதான் அளவு, ஹைவேயில ஓட்டிட்டு வந்து பாத்தா மூணு நாலு பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும், அத பாத்துட்டு காத்த எறக்கி விட்டுடாதீங்க. "உங்களுக்கு அலைன்மென்ட் வேணாங்ய்யா, மாசம் ரெண்டு தடவ காத்து பாருங்க போதும்"னு அவர அனுப்பிட்டாரு. அலைன்மென்ட் போட்டு 450 வாங்கியிருக்கலாம், வாங்கல.

இன்னொருத்தர் வால்பாறை எஸ்டேட் வேலையா அடிக்கடி மலை ஏறி எறங்கறவரு, முன் டயர் ரெண்டும் வெளி ஓரம் உருண்டையா தேஞ்சிருக்கு. ஆழியார்ல இருந்து மேல 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் வண்டி எடை பூரா வெளிப்பக்கத்து முன் டயரோட தோள் மேல சாயும். ரெண்டு டயரும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேஞ்சிருந்ததால அது ஓட்டற ரோட்டோட தேய்மானம், வண்டி கோளாறு இல்லன்னுட்டாரு. 5000 கிலோமீட்டருக்கு ஒருக்கா முன் பின் மாத்திப் போடுங்க, வளைவுல ஸ்பீட கொஞ்சம் கொறைங்கன்னாரு. இதே வண்டிய இன்னொரு கடைக்கு கொண்டு போயிருந்தா டோ இன் ஜாஸ்தின்னு சொல்லி திருப்பி வெச்சிருப்பாங்க, அப்பறம் உள் ஓரமும் சேந்து போயிருக்கும்.

என் மச்சான் ஐ20 கதையும் இங்கதான் முடிஞ்சுது. 60 தாண்டினா பின்னாடி இருந்து 'ஊ'ன்னு ஒரு சத்தம், ரெண்டு மெக்கானிக் பேரிங்னு சொல்லி ஒரு பேரிங்க மாத்தியும் சத்தம் போகல. நானே இந்தக் கடைக்கு அனுப்பி வெச்சேன். அண்ணன் ஓட்டிப் பாத்தாரு. பேரிங் சத்தம்னா வளைவுல எடை ஒரு பக்கம் மாறும்போது கூடிக் கொறையும், டயர் சத்தம்னா ரோடு மாறும்போது மாறும், சிமெண்ட் ரோட்டுல ஒரு மாதிரி, புது தார் ரோட்டுல ஒரு மாதிரி. முன் டயர பின்னாடி, பின் டயர முன்னாடி மாத்திப் போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரச் சொன்னாரு, சத்தமும் முன்னாடி வந்துருச்சு. பின் டயர்ல ஒவ்வொரு பட்டனும் முன் ஓரம் மேடு, பின் ஓரம் பள்ளம்னு படிக்கட்டு மாதிரி தேஞ்சிருக்கு. ரொம்ப நாள் ரொட்டேஷன் (முன் பின் மாத்திப் போடறது) பண்ணாம பின்னாடியே ஓடற டயருக்கு இது வரும். சத்தம் உடனே முழுசா போகாது, முன்னாடி போட்டு ஓட்ட ஓட்ட தேஞ்சு அடங்கும்னாரு, மச்சான் இப்ப பரவால்லங்கறான்.

இதையும் திட்டு திட்டா தேயறதையும் கொழப்பிக்கக் கூடாது. டயர சுத்தி அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா அது வேற, பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் செத்திருக்கும், சக்கரம் ரோட்ட விட்டு துள்ளித் துள்ளி விழுது, விழற எடம் தேயுது. இல்லன்னா பேலன்சிங், அதாவது சக்கரத்த சுத்தி எடை சமமா இருக்கறது, போயிருக்கும், ரிம்ல ஒட்டின வெயிட் எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும். இதுக்கெல்லாம் டோவ திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல.

விலை விஷயம்: நான் போனப்ப அலைன்மென்ட் 450, பேலன்சிங் ஒரு வீலுக்கு 80, வெயிட் தனி. ஊர்ல மத்த எடத்தோட ஒப்பிட்டா கூடவும் இல்ல கொறைவும் இல்ல. பழைய டயர என்ன பண்றதுன்னு கேட்டேன். டயர் ரெண்டு பக்கமும் ஒரே பேட்டர்ன், அதனால ரிம்ல இருந்து கழட்டி திருப்பி மாட்டிடலாம், தேஞ்ச ஓரம் வெளிய வந்துரும், கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனா ஹைவேக்கு வேணாம்னாரு. உங்க டயர்ல அவுட்சைடுன்னு எழுதியிருந்தா இத செய்ய முடியாது, அது ஒரு பக்கம்தான் மாட்டணும். நான் திருப்பி மாட்டற வேலையே வேணாம்னு ரெண்டு புது டயரா போட்டுட்டேன், மழைக்காலம் வருது, 2 மில்லிமீட்டர வெச்சுகிட்டு கோத்தகிரி ரோட்டுல எதுக்கு வெளையாட்டு. புது டயர் ரெண்டையும் பின்னாடி போடச் சொன்னாரு. எல்லாரும் முன்னாடிதானே போடுவாங்கன்னு கேட்டா, முன் டயர் வழுக்கினா ஸ்டியரிங்லயும் ஆக்சிலேட்டர விட்டும் சமாளிக்கலாம், ஈர ரோட்டுல பின்னாடி வழுக்கினா வண்டியே சுத்திரும்ங்கறாரு. டயர் கம்பெனிங்களும் இதத்தான் சொல்றாங்க. அதனால நல்லா இருந்த என்னோட பழைய பின் டயர் ரெண்டும் இப்ப முன்னாடி ஓடுது.

வாங்கும்போது டயர் சைடுல கடைசி நாலு நம்பர பாத்து வாங்குங்க, மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2324னு இருந்தா 2024 இருபத்தி மூணாவது வாரம் செஞ்சது. இங்க கேக்காமயே காட்டினாங்க. ஆனா டயர் விலை மட்டும் இந்தக் கடையில கொஞ்சம் கூடத்தான், ஆன்லைன் விலைய காட்டினா பேச்ச மாத்திடறாங்க. நைட்ரஜன் போடலாமான்னு பையன் ரெண்டு தடவ கேட்டான். சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், நான் வேணாம்னுட்டேன். டயர் பாலிஷ் போடவான்னும் கேட்டான், அதுவும் வேணாம்.

கொறைன்னு பாத்தா, மொதல்ல நேரம். அப்பாயின்ட்மென்ட் எல்லாம் எடுக்க மாட்டாங்க, போன் பண்ணா "வாங்க பாத்துக்கலாம்"னுதான் சொல்லுவாங்க, போனா முன்னாடி நாலு வண்டி நிக்கும். ரெண்டாவது, எல்லாம் அந்த ஒரு அண்ணன் தலையிலதான் ஓடுது. அவர் இல்லாத அன்னிக்கு போன என் ஆபீஸ் நண்பருக்கு பையனே நேரா மெஷின்ல ஏத்தி டோவ திருப்பி அனுப்பிட்டான், புஷ்ஷும் பாக்கல ஒண்ணும் பாக்கல. அதனால போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஓனர் இருக்காரான்னு கேட்டுக்கங்க. மூணாவது, பில்லு. கேட்டாத்தான் தருவாங்க, அதுவும் டயருக்கு மட்டும், வேலைக்கு துண்டு சீட்டு. அலைன்மென்ட் ரிப்போர்ட்ல மாத்தறதுக்கு முன்னாடி ரீடிங், மாத்தின பின்னாடி ரீடிங் ரெண்டும் இருக்கற மாதிரி கேட்டு வாங்குங்க, சில நேரம் மாத்தின பின்னாடி எடுத்த ரீடிங்க மட்டும் பிரிண்ட் போட்டுத் தராங்க, அது எதுக்கும் ஒதவாது.

ஆர்ம் மாத்தின பின்னாடி பிரேக் போட்டா இழுக்கறது சுத்தமா நின்னுருச்சு, அந்த 'டொக்'கும் இல்ல. நேர் ரோட்டுல கைய லேசா விட்டா மெதுவா இடப்பக்கம் சாயுது, அதையும் கேட்டேன், ரோடு நடுவுல மேடா ஓரத்துல சரிவாத்தான் போடுவாங்க, தண்ணி ஓடறதுக்கு, நாம இடப்பக்கம் ஓட்டறோம், அதனால லேசா இடப்பக்கம் போகும், வலப்பக்க லேனுல ஓட்டிப் பாருங்கன்னாரு. அவினாசி ரோட்டுல ராத்திரி டிராபிக் இல்லாத நேரம் வலது லேனுல பாத்தேன், நேராத்தான் போகுது. உள் ஓரத்த இப்பவும் அப்பப்ப ஸ்டியரிங்க ஒடிச்சு வெச்சு கேஜ் போட்டுப் பாக்கறேன், உள்ளயும் வெளியயும் ஒரே அளவுலதான் எறங்குது. கேஜ் நானே ஒண்ணு வாங்கிட்டேன், ஆன்லைன்ல இருநூறு ரூபாய்க்குள்ள கெடைக்குது, பிளாஸ்டிக்கே போதும்.

இப்பதைக்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ணு கொறைச்சது பையனுக்கும் நைட்ரஜனுக்கும் சேத்து. ஞாயித்துக்கெழமை மதியம் வரைக்கும்தான் தெறந்திருக்கும், சனிக்கெழமை சாயந்தரம் போகாதீங்க, ஊட்டி போற வண்டி பூரா பஞ்சருக்கு அங்கதான் நிக்கும்.